எந்த மெஷின் வாங்கலாம் என்று நீ கேட்டதற்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறையிலிருந்து நீ பேசினாய். தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகிவிட்டது, குவார்ட்டர்ஸில் அடுப்பு வைத்தாகிவிட்டது, குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாய். "அம்மா, காட்டுக் காட்டுக்கு எவ்வளவு இலை பறிச்சாங்கன்னு நின்ன எடத்துலயே ஷீட்டுல ஏத்தோணுமுங்க. கையில புடிச்சுட்டுப் போற மாதிரி ஒரு சின்ன மெஷின் வாங்கோணும். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க." நான் பதில் சொல்வதற்குள், இன்னொன்றும் சொன்னாய். "போன தடவ நீங்க நல்ல மெஷின்தான் வாங்கிக் குடுத்தீங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன்." அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

உன் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் நான் இரண்டரை வருடமாக வாயைத் திறக்காமல் வைத்திருக்கும் ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவிலேயே "விடுங்கம்மா" என்று சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் நீ காட்டலாம். காட்ட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் கம்பெனி ஸ்டோர்ஸில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்த புதிதில் எல்லோரும் பயந்து ஒதுங்கியபோது நான்தான் முதலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். எத்தனை ஸ்பேர் வந்தது, எது எந்த ரேக்கில் இருக்கிறது என்று எல்லாமே என் ஷீட்டில் இருக்கும். மேனேஜரே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சந்தேகம் கேட்பார். எனக்கு அங்கே 'ஷீட்டக்கா' என்றே பெயர். ரிட்டயர் ஆன பிறகு ரேக் இல்லை, ஷீட் இல்லை, சந்தேகம் கேட்க ஆள் இல்லை. அந்த நேரத்தில்தான் உனக்கு அந்தத் தென்னை வேலை கிடைத்தது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்புத் தோப்பாகப் போய், மரத்துக்கு மரம் எண் எழுதி, ஓலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, வேர்வாடல் நோய் எந்த மரத்துக்கு வந்திருக்கிறது என்று குறித்து வைக்கும் வேலை. உனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட, உனக்கும் ஷீட் வேலைதான் என்ற சந்தோஷம் எனக்கு அதிகமாக இருந்தது. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு கைக்கணினி வேண்டும் என்று நீ மூன்று வாரம் தேடினாய். உன் பழைய நோட்டில் கிழித்த ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாய். வெயிலில் நின்றாலும் திரை தெரிய வேண்டும். எண்ணை அழுத்த நிஜமான பட்டன் இருக்க வேண்டும், வேர்த்த விரல் திரையில் வழுக்கும். போனில் வரும் சின்ன ஆப் போதாது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் முழு ஷீட் புரோகிராமே ஓட வேண்டும். தோப்புக்குள் நெட் இருக்காது, நெட் இல்லாமலே வேலை செய்ய வேண்டும், நேற்று இருந்த ஷீட்டை இன்றைக்குத் திரும்ப எடுக்கவும் வழி வேண்டும். ஒரு கையில் பிடித்தால் இன்னொரு கை மரத்துக்கு. இப்படி எழுதி, ஒரு மெஷினும் தேர்ந்தெடுத்திருந்தாய். கறுப்பாக, தடியாக, டிபன் பாக்ஸ் மூடி அளவுக்குத்தான் இருந்தது, மூடித் திறந்தால் உள்ளே குட்டிக் கீபோர்டு.

"முதல் வேலைக்கு அம்மா வாங்கித் தாரேன்" என்று நான்தான் உன்னை கிராஸ்கட் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடையில் உன் மெஷினைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இதென்ன கண்ணு, கரண்ட் ரீடிங் எடுக்க வாரவிக வெச்சிருக்கற மாதிரி" என்றேன். பக்கத்திலேயே மெல்லிசாக, பளபளவென்று ஒரு டேப்லெட் இருந்தது, அதையே வாங்கலாம் என்றேன். கடைக்காரத் தம்பி உன்னிடமே, "சாருக்கு ஷீட் வேலைன்னா அந்தக் கறுப்பு மெஷினே சரியா இருக்குமுங்க" என்று சொன்னார். பாவம், அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான், "இருபத்தாறு வருஷம் ஷீட்டோட இருந்தவளுக்கு நீங்க சொல்லித் தாரீங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். அடுத்த வாரம் உன் பெரியம்மா வீட்டில் விசேஷம். அங்கே நீ அந்த டேப்லெட்டை எடுத்து வைத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது. நீ அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்கம்மா, உங்களுக்குப் புடிச்சா சரி" என்றாய்.

நீ எப்போதும் இப்படித்தான் விட்டுக்கொடுப்பாய். ஏழாவது படிக்கும்போது தமிழ்நாடு மேப்பில் ஆறுகள் வரைந்து வைத்திருந்தாய், நினைவிருக்கிறதா? நீ தூங்கிய பிறகு கோடு கோணலாக இருக்கிறதென்று நான் மசியால் திருத்தி வரைந்தேன். காவிரிக்குப் போக வேண்டிய நொய்யலைக் கொண்டுபோய்ப் பவானியில் சேர்த்துவிட்டேன். வகுப்பில் டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டபோது நீயே வரைந்ததாகச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். அதை உன் சிநேகிதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கே நான் திருந்தியிருக்க வேண்டும். உன் பொருளை உன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான் அதை ஊரெல்லாம் சிரிப்புக் கதையாகச் சொல்லித் திரிந்தேன்.

இனி சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஆனைமலைக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் அக்கா தோப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு மரம். நீ எல்லாவற்றுக்கும் எண் எழுதி, ஓலை எடுத்து அனுப்பியிருந்தாய். சோதனைச்சாலையிலிருந்து முடிவைப் போனில் படித்தார்கள், பேப்பர் பின்னால் தபாலில் வரும் என்றார்கள். நீ ஊருக்கு வரும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று ஏற்றினாய். மறுநாள் காலையில் டேப்லெட்டைச் சாப்பாட்டு மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாய். நான் இட்லி எடுத்து வைத்துவிட்டு அதைத் திறந்தேன். 'ஆம்' எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது. இப்படி இருந்தால் எண்ணுவது சிரமம், எல்லா 'ஆம்'களையும் மேலே கொண்டுவந்து வைத்தால் உனக்கு வேலை சுலபம் என்று நினைத்தேன். அந்த நெட்டு வரிசையை மட்டும் விரலால் தொட்டு, அகர வரிசையில் அடுக்கச் சொன்னேன். பத்தொன்பது 'ஆம்' சமர்த்தாக மேலே வந்து நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. மூடி வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போய்விட்டேன்.

மேலே வந்தது 'ஆம்' மட்டும்தான். பக்கத்திலிருந்த மர எண்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. ஆபீஸில் நான் பழகிய கம்ப்யூட்டரில் இப்படி ஒரு வரிசையை மட்டும் தொட்டால், பக்கத்து வரிசையையும் சேர்த்து நகர்த்தவா என்று கேட்கும். இருபத்தாறு வருடமும் அது கேட்டுக் கேட்டுத்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் பளபளப்புக்காக வாங்கிய மெஷினில் இருந்த சின்ன ஆப் எதையும் கேட்கவில்லை. நீ தாளில் எழுதிய 'முழு புரோகிராம்' என்பதற்கு அர்த்தம் அதுதான். ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை உள்ள மரங்கள் எல்லாம் நோயுள்ள மரங்களாகிவிட்டன. அது கிணற்று ஓரத்து முதல் வரிசை. நாற்றுப்பண்ணைக்காரர்கள் வந்து விதைக்காய் எடுத்துப் போவது அந்த வரிசையில்தான்.

நீ போய், வெட்ட வேண்டிய மரம் என்று அந்தப் பத்தொன்பதுக்கும் சிவப்புப் பெயின்டில் குறி போட்டாய். வரிசையாக இருக்கிறதே என்று உனக்கே ஒரு சந்தேகம் வந்ததாகச் சொன்னாய். பக்கத்துத் தோப்பிலிருந்து காற்றில் பரவியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாய். ஆரம்பத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நோய் அது, அதனால் மரம் பச்சையாக இருந்ததும் உன்னைத் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் அறுக்கிறவர்கள் வந்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. "அந்தக்கா மரத்து மேல கைய வெச்சுட்டே நின்னாங்கம்மா. 'தம்பி, இந்த வரிசையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. நானும் ரெண்டு தடவயும் மெஷினத் தொறந்து பாத்தேன். ஷீட்டுல அப்படித்தானுங்க இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மரம் வளத்தவிகளுக்கு மனசு வராது கண்ணு. சோதனையில வந்தா வந்ததுதான். நீ செஞ்சது சரிதான்" என்றேன். எல்லாம் தெரிந்தவள் போல உன் தட்டில் இன்னொரு தோசை வைத்தேன்.

பத்து நாள் கழித்துத் தபாலில் பேப்பர் வந்தது. அதில் நோயுள்ள மரங்களின் எண்கள் தோப்பு முழுக்கச் சிதறிக் கிடந்தன. வெட்டிய பத்தொன்பதில் ஒரே ஒரு மரம்தான் தற்செயலாக நிஜமாக நோய்ப்பட்டது. பதினெட்டு நல்ல மரம் போய்விட்டது, நோய்ப்பட்ட பதினெட்டு அங்கேயே நிற்கிறது. உன் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "நான் சரியாப் போட்டதாத்தான் நெனப்புங்கம்மா. எப்படி ஒண்ணுல இருந்து பத்தொன்பது வரைக்கும் வரிசையா வந்துச்சுன்னே தெரியல" என்றாய். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. உங்கப்பா உள்ளிருந்து வந்து, "நெனப்பு என்னடா நெனப்பு? கவனம் இல்லாத பயல வேலைக்கு வெச்சா இப்படித்தான் ஆகும்" என்று கத்தினார். நீ என்னைப் பார்த்தாய். நான் உனக்குப் பரிந்து பேசுவேன் என்று பார்த்தாய். நான், "பஸ்ஸுல உக்காந்துட்டு ஏத்துனா அப்படித்தான் ஆகும் கண்ணு. அவசரப்பட்டிருப்பே" என்றேன்.

மெஷினைத் திறந்ததும், அடுக்கியதும் தெரியாமல் செய்தது. அது தப்பு, ஆனால் அதை நான் சொல்லியிருந்தால் தப்போடு போயிருக்கும். இந்த வார்த்தை அப்படியில்லை. எல்லாம் தெரிந்த பிறகு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. ஏன் சொன்னேன் என்று இரண்டரை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கப்பாவுக்குப் பயந்தா? இல்லை. ஷீட்டக்காவுக்கே அடுக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்றுதான். அந்தப் பெயரை என்னைக் கூப்பிட அந்தக் கம்பெனியில்கூட இப்போது ஆள் கிடையாது. யாரும் கூப்பிடாத ஒரு பெயருக்காக என் மகனைக் கொடுத்துவிட்டேன்.

நீ நம்பிவிட்டாய், அதுதான் கொடுமை. அந்த வாரமே உன்னை நிறுத்திவிட்டார்கள். நீ எதிர்த்துப் பேசவே இல்லையாம். அதன் பிறகு டைல்ஸ் கடையில் நின்றாய், ஷீட் பக்கமே போகவில்லை. கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாய். என் மாத்திரை அட்டையைக்கூட எண்ணிவிட்டு மறுபடி எண்ணினாய். போன வருடம் பெண் பார்த்தபோது, "எனக்குப் பொறுப்புக் குடுக்கற அளவுக்குக் கவனம் பத்தாதுங்க" என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடமே சொன்னாய். அவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள். உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபின் புதன்கிழமை காலையில் பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனேன். மயிலாத்தாள் அக்கா வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். அவர் களத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்தார். நான் யாருடைய அம்மா என்று சொன்னதும் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கிணற்றுப் பக்கம் கூட்டிப் போனார். அந்த வரிசையில் இப்போது புது நாற்று, இடுப்பளவுதான் வந்திருக்கிறது. "அந்தப் பதினெட்டுச் சீக்கு மரத்துல இருந்து பரவி அப்புறமும் எடுக்க வேண்டியதாப் போச்சுங்க. எண்ணறத நான் உட்டுட்டேன்" என்றார். "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றேன். "தம்பிகிட்டச் சொல்லீட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க."

"அப்பறம் என்றகிட்ட எதுக்கு வந்தீங்க? எனக்கு மரந்தான் போச்சு. அந்தத் தம்பி வெட்டி முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுக்கூட வந்து, இங்கயே நின்னு அழுதுட்டுப் போச்சுங்க. பேசக்கூட முடியாம. நான் ஏசினேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். கேட்டுட்டே நின்னுச்சு. மொதல்ல அங்க போய்ச் சொல்லுங்க. அதுக்கப்பறம் எனக்கு மனசு வந்தா நான் பேசறேன்."

நீ மறுபடியும் அங்கே போனது எனக்குத் தெரியாது, கண்ணு. எங்களிடம் சொல்லவே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண் வெயிலுக்கு என்று நினைத்து ஜன்னல் சீலையை இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாளாக அவரே காபி போட்டுக்கொள்கிறார். இன்று காலையில், "அவன நான் கவனமில்லாதவன்னு சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இப்போது உன் கேள்வி. எந்த மெஷின் என்று என்னிடம் கேட்காதே. நீ அன்றைக்குத் தாளில் எழுதியது எல்லாமே சரி. எஸ்டேட்டில் வெயிலோடு மழையும் அட்டைப்பூச்சியும் சேர்ந்திருக்கிறது, அதனால் பட்டனுள்ள மெஷினே எடு, தண்ணீர் பட்டாலும் தாங்குவதாகப் பார். மெல்லிசாக இருக்கிறதா என்று பார்க்காதே, ஒரு கையில் நாள் முழுக்கப் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே நின்று பிடித்துப் பார். ஒரு வரிசையைத் தொட்டு அடுக்கிப் பார், அது உன்னைக் கேள்வி கேட்கிறதா என்று பார். கேட்காத மெஷினை வாங்காதே. நேற்றைய ஷீட்டைத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார். திறப்பதற்கு ஒரு ரகசிய எண் போடு, அதை எனக்குச் சொல்லாதே. மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீயே தேர்ந்தெடு. உனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும். உனக்கு எண்ணை ஏற்றவும் தெரியும். பஸ் குலுக்கலில் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு மரத்தில் ஒன்றில்கூடத் தப்பு இல்லாமல் ஏற்றியிருந்தாய். தபாலில் வந்த பேப்பரில் இருந்ததும் பத்தொன்பது, நீ ஏற்றியதும் பத்தொன்பது; நான் தொடுவதற்கு முன் அவை பேப்பரில் இருந்தது போலவே சிதறித்தான் கிடந்தன. அந்த ஷீட்டில் நடந்த ஒரே தப்பு என் விரல்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். உன் பழைய மேனேஜரிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உனக்கு முன்னால் அவருக்குத் தெரியக்கூடாது என்பதால், இது உன் கைக்கு வந்ததென்று ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகைச் சீட்டு வந்த பிறகுதான் போவேன். நீ வேண்டாம் என்றாலும் போவேன். இந்த ஒன்றில் மட்டும் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

நீ என் மேல் கோபப்பட வேண்டும். "பரவால்லீங்கம்மா" என்று சொல்லிவிடாதே, அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. எத்தனை நாள் பேசாமல் இருக்கத் தோன்றுகிறதோ அத்தனை நாள் இரு. அதுவரை நான் போன் பண்ண மாட்டேன். நீயாகப் பேசும் அன்று, திட்டுவதற்காகக் கூப்பிட்டாலும் சரி, முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட
அம்மா